கேஷுவாலிட்டியில் எடுக்கும் பிளட் கல்சர்: டீன்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் முதல்வர்கள், அவசர சிகிச்சைப் பிரிவுகளின் பொறுப்பு மருத்துவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறையில் வேலை பார்க்கிறேன். எந்த ஊர் என்று எழுதவில்லை. எழுதினால் பேச்சு அந்த ஊரைப் பற்றியதாகிவிடும். யார் மேல் தப்பு, யாருக்கு மெமோ என்று போய்விடும். மற்ற ஊர்களில் இதே வேலை பார்க்கும் நண்பர்கள் யாரிடம் சொன்னாலும் "எங்க ஊர்லயும் இதே கதைதான்" என்கிறார்கள். அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் வேலையில் பாதி போனில் நடக்கும். நோயாளியின் ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பாட்டிலில் ஊற்றி வளர்த்துப் பார்ப்பதுதான் பிளட் கல்சர். கிருமி வளர்ந்தால், கல்சர் மெஷினில் அந்தப் பாட்டில் பாசிடிவ் என்று கூவும். அதை எடுத்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, கிராம் ஸ்டெயின் என்ற சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வார்டுக்குச் சொல்ல வேண்டும். "கிராம் பாசிடிவ் காக்கை, கொத்துக் கொத்தா இருக்கு" என்பேன். காக்கை என்றால் உருண்டை வடிவக் கிருமிகள். (எங்கள் ஆய்வகத்தில் தரை துடைக்கும் அக்கா ஒருநாள், "டாக்டரம்மாவுக்கு எப்பப் பார்த்தாலும் காக்கா நினைப்புதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.) அந்தப் பக்கத்தில் இருந்து வரும் கேள்வி எப்போதும் ஒன்றே: "மேடம், வான்கோமைசின் ஆரம்பிச்சிடவா?" வான்கோமைசின் ஓர் ஆண்டிபயாட்டிக்.

என்னிடம் நேர்மையான பதில் "தெரியவில்லை" என்பதுதான். கொத்துக் கொத்தாகத் தெரிவது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஆக இருக்கலாம். ரத்தத்தில் அது இருந்தால் ஒரு நாள் தாமதமும் ஆளைக் கொண்டுபோய்விடும். ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் ஆகவும் இருக்கலாம். அது உங்கள் தோலிலும் என் தோலிலும் சும்மா குடியிருக்கும் கிருமி. ஸ்டெயினில் இரண்டும் ஒரே முகம். இன்னது என்று பிரித்துச் சொல்ல, எங்களைப் போன்ற ஆய்வகத்தில் மறுநாள் ஆகும். இரண்டு கைகளில் இருந்து இரண்டு பாட்டில் வந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்; இரண்டிலும் ஒரே கிருமி என்றால் உண்மை, ஒன்றில் மட்டும் என்றால் சந்தேகம். ஆனால் கேஷுவாலிட்டியில் இருந்து எங்களுக்கு வருவது பெரும்பாலும் ஒற்றைப் பாட்டில். ஒற்றைப் பாட்டிலை வைத்துக்கொண்டு நான் சொல்வது குறி சொல்வதற்குச் சமம்.

போன ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். அறுபது வயது தாண்டியவர், விவசாயக் கூலி. மூன்று நாள் காய்ச்சல் என்று 108-இல் வந்தார். ராத்திரி ஒரு பாட்டில் பிளட் கல்சர் எடுத்தார்கள். மறுநாள் காலை காய்ச்சல் இறங்கிவிட்டது. அதற்கு மறுநாள் வீட்டுக்கு அனுப்ப இருந்தார்கள். அன்று காலை பாட்டில் கூவியது. நான் போன் செய்தேன். டிஸ்சார்ஜ் நின்றது, வான்கோமைசின் ஏறியது. அடுத்த நாள் எபிடெர்மிடிஸ் என்று ரிப்போர்ட் கொடுத்தேன், "தோல் கிருமியாக இருக்கலாம், மறுபடி ஒரு கல்சர் அனுப்புங்கள்" என்று அடிக்குறிப்போடு. ஆண்டிபயாட்டிக் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த கல்சரில் ஒன்றும் வளராததை வைத்து யார் மருந்தை நிறுத்துவார்கள்? நிறுத்தவில்லை. ஐந்தாவது நாள் கிரியேட்டினின் ஏறிவிட்டது, அதாவது சிறுநீரகம் அடி வாங்கிவிட்டது. வந்த காய்ச்சலுக்கு இரண்டு நாள், வராத கிருமிக்கு ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார். கூட இருந்த மகள் அத்தனை நாளும் வேலைக்குப் போகவில்லை. மருந்தை நாம் இலவசமாகக் கொடுத்தோம். அந்தப் பெண் இழந்த கூலியை யாரும் கொடுக்கவில்லை.

அந்தப் போனைச் செய்தது நான் என்பதால்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

அதற்கு அப்புறம் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு, யாரிடமும் சொல்லாமல், எங்கள் கேஷுவாலிட்டியில் போய் ஓர் ஓரமாக நின்றேன். குறை கண்டுபிடிக்கப் போகவில்லை. பாட்டில் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கப் போனேன். பதினைந்து வருடமாகப் பாட்டிலை வாங்கி வைப்பவள், அது எப்படி நிரப்பப்படுகிறது என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது எனக்கே கூச்சமாக இருந்தது.

ரெட் ஜோனில் ஒரே நேரத்தில் இரண்டு விபத்து, ஒரு நெஞ்சு வலி, ஒரு பூச்சிமருந்து. பயிற்சி மருத்துவர் ஒரு பையன், காலையில் இருந்து டூட்டி. காய்ச்சலோடு வந்த அம்மா ஒருவருக்கு வென்ஃப்ளான் (நரம்பில் செருகும் சிறு பிளாஸ்டிக் குழாய்) போட வேண்டும், கூடவே கல்சரும் எடுக்க வேண்டும். டூர்னிகே கிடைக்கவில்லை, கையுறை ஒன்றைப் பிரித்துக் கையில் கட்டினான். மேசையில் மூடி திறந்த எவர்சில்வர் டப்பாவில் ஸ்பிரிட் பஞ்சு. ஒன்றை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தான். பிறகு, நம் எல்லோருக்கும் கைவந்த பழக்கம், வாயைக் குவித்து ஊதி உலர்த்தினான். நரம்பு இருக்கிறதா என்று துடைத்த இடத்தையே விரலால் மறுபடி தொட்டுப் பார்த்தான். வென்ஃப்ளான் ஏறியது, அதன் வாயிலேயே சிரிஞ்சை மாட்டி ரத்தம் இழுத்தான். முதலில் ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி. குழாய், அடுத்து சிறுநீரகத்தைப் பார்க்கும் ரீனல் குழாய், மிச்சம் இருந்த மூன்று மில்லி கல்சர் பாட்டிலுக்கு. பாட்டிலின் பிளாஸ்டிக் மூடியைக் கட்டை விரலால் தட்டித் திறந்து, அடியில் இருந்த ரப்பரைத் துடைக்காமல் குத்தினான். பெயரை ஒட்டுப் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டி, "இத லேப்ல குடுத்துடுங்க" என்று அந்த அம்மாவின் மருமகனிடம் நீட்டினான். மொத்தம் மூன்று நிமிடம். அதற்குள் அவனை இரண்டு பேர் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்தப் பையனை நான் திட்டவில்லை. நானும் பயிற்சி மருத்துவராக இருந்தபோது இப்படித்தான் எடுத்தேன், ஊதினேன்.

ஆனால் அந்த மூன்று நிமிடத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 70 சதவீத ஆல்கஹாலில் கலந்த 2 சதவீத குளோர்ஹெக்சிடின் என்றால், 30 விநாடி அழுத்தித் தேய்த்து, இன்னொரு 30 விநாடி தானாக உலர விட வேண்டும். வாய்விட்டு முப்பது எண்ணிப் பாருங்கள். கேஷுவாலிட்டியில் அது ஒரு யுகம். பெட்டாடின் என்றால் இன்னும் மோசம்: ஒன்றரை இரண்டு நிமிடம் தோலில் கிடந்தால்தான் வேலை செய்யும், நாமோ தடவிய கையோடு ஸ்பிரிட்டால் துடைத்துவிடுகிறோம். ஊதும்போது வாயில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இலவச இணைப்பாகப் போகிறது. பாட்டிலின் பிளாஸ்டிக் மூடி தூசி படாமல் இருக்கத்தான். கீழே இருக்கும் ரப்பர் ஸ்டெரைல் இல்லை. வென்ஃப்ளான் வழியாக எடுத்த ரத்தத்தில், தனியாகக் குத்தி எடுத்ததைவிடத் தோல் கிருமி அதிகம் வருகிறது என்று திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். மற்றக் குழாய்களை நிரப்பிவிட்டு மிச்சத்தைக் கல்சருக்கு ஊற்றுவது தலைகீழ் வரிசை. கல்சர் பாட்டில்தான் முதலில். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வேண்டும். மூன்று மில்லி ஊற்றினால் உண்மையான கிருமி இருந்தாலும் சிக்காமல் போகலாம். ஆக, இல்லாததைக் காட்டுவதும் இருப்பதை மறைப்பதும் ஒரே பாட்டிலில் நடக்கிறது.

ஸ்பிரிட் பஞ்சு டப்பாவைத் தனியாகச் சொல்ல வேண்டும், எனக்கு அதன் மேல் தீராத கோபம். மூடி திறந்தே கிடந்தால் ஆல்கஹால் ஆவியாகிக்கொண்டே இருக்கும். காலையில் நிரப்பிய டப்பாவில் ராத்திரி என்ன சதவீதம் இருக்கிறது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். அதோடு, சில கிருமிகள் எடுக்கும் கெட்டி ஓட்டு வடிவமான ஸ்போரை ஆல்கஹால் கொல்லாது. பஞ்சில் பாசில்லஸ் ஸ்போர் இருந்தால் ஸ்பிரிட்டில் ஊறிக்கொண்டே சௌக்கியமாக இருக்கும். நம் பஞ்சுக்கு மட்டும் வந்த வினை இல்லை இது. 2011 ஜனவரியில் அமெரிக்காவில் பொட்டலம் போட்ட ஆல்கஹால் துடைப்பான்களையே பாசில்லஸ் சீரியஸ் இருக்கலாம் என்று சந்தையில் இருந்து திரும்பப் பெற்றார்கள். எங்கள் டப்பாவில் இருந்து ஒரு பஞ்சை எடுத்து நான் கல்சர் போட்டுப் பார்த்தேன். பாசில்லஸ் வளர்ந்தது. அதே மாதத்தில் "பாசில்லஸ், கண்டாமினேஷன்" (நோயாளியின் ரத்தத்தில் இல்லாமல் வெளியில் இருந்து கலந்த கிருமி) என்று நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டுகளை நினைத்துக்கொண்டேன்.

இதில் அதிசயமாகப் புதிய அறிவியல் ஒன்றும் இல்லை. 1991-லேயே பாஸ்டனில் டேவிட் பேட்ஸ் குழுவினர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: தவறான பாசிடிவ் வந்த நோயாளிக்கு அதன் பிறகான ஆய்வகச் செலவு 20 சதவீதமும், நரம்பு வழி ஆண்டிபயாட்டிக் செலவு 39 சதவீதமும் கூடின. கண்டாமினேஷன் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நெடுநாள் அளவுகோல். 2022-இல், ஆய்வகத் தரங்களை வகுக்கும் அமெரிக்க அமைப்பான சி.எல்.எஸ்.ஐ. தன் வழிகாட்டியைப் புதுப்பித்தபோது, நல்ல முறையில் எடுத்தால் 1 சதவீதத்தையே இலக்காக வைக்கலாம் என்றது. எங்கள் கேஷுவாலிட்டியின் எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. 3-க்குள் இல்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

டென்னசியில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வெஸ்லி செல்ஃப் குழுவினர் செய்தது எனக்குப் பிடித்த வேலை. 2013-இல் வெளியிட்டார்கள். கல்சர் எடுக்கத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி வைத்தார்கள்; கூடவே ஒரு சரிபார்ப்புத் தாள். 4.3 சதவீதமாக இருந்தது 1.7-க்கு இறங்கியது. அதே பரபரப்பு, அதே அவசரப் பிரிவு. பொட்டலம் கையில் இருந்தால் குளோர்ஹெக்சிடின் எங்கே, கையுறை எங்கே என்று தேட வேண்டியதில்லை. தேட வேண்டியதில்லை என்றால் ஸ்பிரிட் பஞ்சுக்குக் கை போகாது.

ஆகவே என் முதல் கேட்பு இந்தப் பொட்டலம்தான். இரண்டு கல்சர் பாட்டில், ஒருமுறை மட்டும் பயன்படும் குளோர்ஹெக்சிடின்–ஆல்கஹால் துடைப்பான் இரண்டு, பாட்டில் ரப்பரைத் துடைக்க இரண்டு ஆல்கஹால் துடைப்பான், 20 மில்லி சிரிஞ்ச் இரண்டு, ஊசி, ஒரு ஜோடி ஸ்டெரைல் கையுறை, ஒரு நல்ல டூர்னிகே, பெயரும் நேரமும் எந்தக் கை என்பதும் எழுத இரண்டு லேபிள். இவற்றில் பாதி நம் ஸ்டோரிலேயே தனித்தனியாகக் கிடக்கின்றன. சேர்த்துக் கட்ட ஒரு ஆளும் ஒரு மேசையும் வேண்டும், கருவிகளை ஸ்டெரிலைஸ் செய்யும் சி.எஸ்.எஸ்.டி. பிரிவின் சகோதரிகளிடம் கேட்டால் ஒரு வாரத்தில் செய்து தருவார்கள். ஆபரேஷனுக்குப் பொட்டலம் கட்டத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையா? (இரண்டு மாதத்துக்கும் குறைந்த பச்சிளங்குழந்தைகளுக்கு இந்தக் குளோர்ஹெக்சிடின் ஒத்துவராது. குழந்தைகள் பிரிவு தன் பொட்டலத்தைத் தானே முடிவு செய்யட்டும்.)

இரண்டு பாட்டில், இரண்டு கை, இரண்டு குத்து என்றதும் "பாட்டிலே பத்தவில்லை, இதில் இரண்டா?" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. 2024 ஜூலையில் அமெரிக்காவிலேயே கல்சர் பாட்டிலுக்குத் தட்டுப்பாடு வந்து, வீணாக்காதீர்கள் என்று அரசு சொல்ல வேண்டியிருந்தது. என் பதில்: யாருக்கு எடுக்கிறோம் என்பதைக் குறைத்தால் எப்படி எடுக்கிறோம் என்பதைச் சரி செய்யக் காசு கிடைக்கும். மழைக்காலத்தில் காய்ச்சல் என்று வரும் எல்லோருக்கும் அனிச்சையாகக் கல்சர் போகிறது. டெங்கு வைரஸ் இந்தப் பாட்டிலில் வளராது. ஸ்க்ரப் டைஃபஸ் கிருமி வளராது. லெப்டோவும் (எலிக் காய்ச்சல் கிருமி) நாம் வைத்திருக்கும் பாட்டிலில் வளராது. ரத்தத்தில் பாக்டீரியா இருக்க வாய்ப்பே குறைவாக உள்ளவரிடம் எடுக்கும் கல்சரில் பாசிடிவ் வந்தால், அது தோல் கிருமியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு கணக்குக்கு, நூறு பேரில் எட்டுப் பேருக்கு உண்மையான கிருமி, நான்கு பேருக்குக் கண்டாமினேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்யும் மூன்று போனில் ஒன்று பொய். உண்மையான எட்டு இரண்டாகக் குறைந்தால் மூன்றில் இரண்டு பொய். செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) என்று சந்தேகம் உள்ளவர், குளிர் நடுக்கத்தோடு வருபவர், வால்வு மாற்றியவர், டயாலிசிஸ் லைன் உள்ளவர், டைஃபாய்டோ என்று தோன்றுபவர், இவர்களுக்கு இரண்டு பாட்டிலும் கட்டாயம், ஆண்டிபயாட்டிக்குக்கு முன்பே. மற்றவர்களுக்கு ஒரு நிமிடம் யோசித்துவிட்டு எடுக்கலாம்.

அவசரம் என்றால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பி.பி. இல்லாமல் கிடக்கும் ஆளுக்கு இரண்டாவது நரம்பு தேடி அரை மணி நேரம் ஆண்டிபயாட்டிக்கைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. கிடைத்ததை எடுங்கள், எப்படி எடுத்தீர்கள் என்று ரிக்வெஸ்ட் தாளில் எழுதுங்கள். "வென்ஃப்ளானில் இருந்து, ஒரே கை" என்று ஒரு வரி இருந்தால் எனக்குப் போனில் பேசும் பேச்சே மாறும்.

குத்தும்போது ஊசி முனையில் ஒட்டி வரும் தோல் துணுக்கும் முதல் ஒன்றிரண்டு மில்லி ரத்தமும்தான் பெரும் குற்றவாளி. எவ்வளவு தேய்த்தாலும் மயிர்க்கால் அடியில் இருக்கும் கிருமிக்கு மருந்து எட்டாது. அந்த முதல் ரத்தத்தைத் திருப்பிவிட வெளிநாட்டில் கருவிகள் வந்திருக்கின்றன. நெப்ராஸ்காவில் மார்க் ரப் குழுவினர் அப்படி ஒன்றை அவசரப் பிரிவில் பரிசோதித்து, 1.78 சதவீதம் 0.22-க்கு இறங்கியதை 2017-இல் வெளியிட்டார்கள். அருமையான எண். ஆனால் கருவி வாங்கலாமா என்று கமிட்டி போட்டு நாம் ஆறு மாதம் உட்கார்ந்தால், அதுவரை ஸ்பிரிட் டப்பா அதே மேசையில்தான் இருக்கும். முதலில் பொட்டலம். கருவி பிறகு.

இரண்டாவது கேட்பு, எண்ண வேண்டும். கேஷுவாலிட்டியில் இருந்து வந்த கல்சர் எத்தனை, அதில் தோல் கிருமி என்று நாங்கள் முடிவு செய்தது எத்தனை. மாதம் ஒரு எண். வார்டு, ஐ.எம்.சி.யூ. (தீவிர சிகிச்சைப் பிரிவு), கேஷுவாலிட்டி மூன்றையும் ஒன்றாகக் கலந்து ஆஸ்பத்திரி சராசரி என்று போட்டால் கேஷுவாலிட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளும். அந்த எண் என் துறையின் ரிஜிஸ்டரில் ஏற்கெனவே இருக்கிறது. இன்றுவரை யாரும் கேட்டதில்லை என்பதால் நானும் கொடுத்ததில்லை; அந்தப் பழியில் பாதி என்னுடையது.

அந்த எண்ணை வைத்து மெமோ கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து. மெமோ கொடுத்தால் கண்டாமினேஷன் குறையாது. கல்சர் அனுப்புவது குறையும். பயிற்சி மருத்துவர்கள் சில வாரத்தில் வேறு பிரிவுக்குப் போய்விடுவார்கள், புதியவர்கள் வருவார்கள். ஒருமுறை வகுப்பெடுத்து, போட்டோ எடுத்து, பேனரைச் சுருட்டி வைத்தால் அடுத்த பேட்ச்சுக்கு அது வந்து சேராது. அங்கேயே நிலையாக இருப்பவர்கள் ஸ்டாஃப் நர்ஸ்கள்தான். ஒவ்வொரு ஷிப்டிலும் இரண்டு பேருக்குச் சரியாகக் கற்றுக்கொடுத்து, கல்சர் எடுக்கும் பொறுப்பை அவர்களிடமே விடலாம். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் அவர்களே சொல்லித் தரட்டும். அதற்கு ஆள் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். உங்களிடம் இருக்கும் காலிப் பணியிடப் பட்டியலில் இதற்கும் ஒரு வரி எழுதுங்கள்.

என் பக்கத்தில் இருந்து நான் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். தோல் கிருமி என்று தெரிந்த அன்றே, எடுத்தவருக்குப் போன் செய்கிறேன். திட்டுவதற்கு இல்லை, எப்படி எடுத்தீர்கள் என்று கேட்பதற்கு. இதுவரை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று ஊதி உலர்த்திய பையன், "ஊதினா என்ன மேடம் ஆகும், சூடுதான ஆறும்" என்று கேட்டான். ஆய்வகத்துக்கு வரச் சொன்னேன். வந்தான். ஒரு அகார் தட்டைக் கொடுத்து, அதில் ஊதச் சொல்லி, இன்குபேட்டரில் வைத்தேன். மறுநாள் வந்து பார்த்துவிட்டு, தட்டை போனில் படம் எடுத்துக்கொண்டு போனான். அவன் பேட்ச் வாட்ஸப் குழுவில் அது சுற்றியதாகக் கேள்வி.

இந்த மடலைப் படித்து முடித்ததும் உங்கள் மருத்துவமனை நுண்ணுயிரியல் துறையை இன்டர்காமில் கூப்பிட்டு, போன மாதக் கேஷுவாலிட்டி எண் என்ன என்று கேளுங்கள். "எடுத்துச் சொல்றேன் சார், ரெண்டு நாள் டைம் குடுங்க" என்று சொல்வார்கள். கொடுங்கள்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் மருத்துவர் ஒருவர்,
ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை